நான்காம் படிவப் பாடத் தேர்வு: பட்டியல் வருமுன்னே பள்ளிக்குப் போகவேண்டும்

இடைநிலைப்பள்ளியின் மூன்றாம் ஆண்டான மூன்றாம் படிவத்தின் கடைசி மாதங்களில் பள்ளியிலிருந்து ஒரு பாரம், அதாவது பாடத் தேர்வு விண்ணப்பத் தாள், வீட்டுக்கு வரும். அடுத்த ஆண்டு நான்காம் படிவத்தில் பிள்ளை எந்தப் பாடத் தொகுப்பை எடுக்க விரும்புகிறான் என்று கேட்டு, முதல் விருப்பம், இரண்டாம் விருப்பம், மூன்றாம் விருப்பம் எனக் கட்டங்கள் போட்டு, அடியில் பெற்றோர் கையெழுத்துக்கு ஒரு கோடும் இழுத்திருப்பார்கள். மலேசியாவின் பேராக் மாநிலத்தில் உள்ள எங்கள் சுங்கை சிப்புட் வட்டாரத்துத் தோட்டங்களில் அந்தக் கோட்டில் கையெழுத்து விழுவதற்குப் பெரும்பாலும் சில நிமிடங்களே ஆகின்றன. விடியற்காலையில் தோட்டத்தில் பேர் கொடுக்கும் பெரட்டுக்குக் கிளம்பும் அவசரத்தில், மோட்டார் சைக்கிள் இருக்கையின் மேல் தாளை விரித்து, பிள்ளை விரல் வைத்துக் காட்டிய இடத்தில் கையெழுத்திட்டுவிட்டுப் போகும் தகப்பன்மாரை நான் நேரில் பார்த்திருக்கிறேன். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. அந்தத் தாளில் இருப்பவை மலாய்ச் சுருக்கெழுத்துகளும் தொகுப்பு எண்களுமே. எதை எடுத்தால் எந்த வாசல் திறக்கும், எதை விட்டால் எது அடைபடும் என்று அதில் ஒரு வரியும் இருப்பதில்லை.

நான் இந்த ஊரில் கடைவீட்டு மாடி ஒன்றில் மாலை நேரங்களில் இடைநிலைப்பள்ளிப் பிள்ளைகளுக்குக் கணிதம் சொல்லிக்கொடுத்து வருகிறேன். ஆண்டுதோறும் அந்தப் பாரத்தைக் கையில் பிடித்துக்கொண்டு பெற்றோர் வருவார்கள். "டீச்சர், இதுல எது நல்லது?" என்பதுதான் எல்லாருடைய கேள்வியும். அதற்கு விடை சொல்ல நான் என்னால் முடிந்ததைச் செய்கிறேன். ஆனாலும் அவர்களிடம் நான் முதலில் சொல்ல விரும்புவது வேறு. பாரம் கைக்கு வந்த பிறகு பெற்றோர் செய்யக்கூடியது மிகவும் குறைவு. எந்தத் தொகுப்புகளைத் திறக்கலாம் என்று பள்ளி யோசித்துக்கொண்டிருக்கும்போதே, அதாவது மூன்றாம் படிவத்தின் நடுவிலேயே, போய்க் கேட்டவர்களின் பிள்ளைகளுக்குத்தான் உண்மையில் தேர்வு என்ற ஒன்று இருக்கிறது. மற்றவர்கள் ஏற்கனவே முடிவான பட்டியலிலிருந்து ஒன்றைக் குறித்துக் கொடுக்கிறார்கள்.

இன்றைய முறையைத் தெரிந்துகொள்வது முதல் வேலை. நாங்கள் படித்த காலத்தில் அறிவியல் பிரிவு, கலைப் பிரிவு என்று இரண்டு வகுப்புகள் இருந்தன. மூன்றாம் படிவத் தேர்வு முடிவு பிள்ளையை இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ தள்ளிவிடும். 2020ஆம் ஆண்டு நான்காம் படிவத்திலிருந்து அந்தப் பிரிவினை எடுக்கப்பட்டு, ஸ்டெம் (அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கணிதம்) தொகுப்புகள் ஒரு புறமும், கலை, மனிதவியல் தொகுப்புகள் மறுபுறமும் என்ற ஏற்பாடு வந்தது. ஸ்டெம் என்பதற்குள்ளேயே இயற்பியல், வேதியியல், உயிரியல், கூடுதல் கணிதம் என்று தூய அறிவியல் முழுவதையும் எடுக்கும் தொகுப்பு உண்டு; அவற்றில் சிலவற்றோடு கணினி அறிவியல், வேளாண்மை, தொழில்நுட்ப வரைகலை போன்ற ஒன்றைச் சேர்க்கும் தொகுப்பும் உண்டு; தொழில் சார்ந்த பாடங்களை மட்டும் கொண்டதும் உண்டு. பிறகு 2022இல் மூன்றாம் படிவப் பொதுத் தேர்வான பிடி3யும் கைவிடப்பட்டது. இப்போது நான்காம் படிவத்தில் பிள்ளையை எங்கே வைப்பது என்பதற்குப் பொதுத் தேர்வு மதிப்பெண் எதுவும் இல்லை. பள்ளி அளவிலான மதிப்பீடு, ஆண்டிறுதித் தேர்வு, ஆலோசக ஆசிரியர் நடத்தும் ஆர்வச் சோதனை, வகுப்பாசிரியரின் கருத்து ஆகியவற்றைக் கொண்டே பள்ளி முடிவெடுக்கிறது. இதில் பெற்றோர் கவனிக்கவேண்டியது ஒன்று இருக்கிறது. பொதுத் தேர்வின் தாள் பேசிய காலத்தில் நாம் போய்ப் பேசுவதற்கு இடமில்லை. இப்போது ஆசிரியர்களின் கருத்து பேசுகிறது. ஆகவே நம்முடைய பேச்சுக்கும் இடம் உண்டு.

எதை எடுத்தாலும் மாறாதவை சில. மலாய்மொழி, ஆங்கிலம், வரலாறு, கணிதம், நம் பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் நன்னெறிக் கல்வி ஆகியவை எல்லாருக்கும் கட்டாயம். இயற்பியல், வேதியியல், உயிரியல் மூன்றையும் எடுப்பவர்களுக்குப் பொது அறிவியல் பாடம் இல்லை. கலைத் தொகுப்பில் இருப்பவர்களுக்கு அது உண்டு. மலாய்மொழியிலும் வரலாற்றிலும் தேர்ச்சி பெறாவிட்டால், ஐந்தாம் படிவ முடிவில் எழுதும் பொதுத் தேர்வான எஸ்பிஎம்மின் சான்றிதழே கிடையாது. வரலாற்றுக்கு இந்த விதி 2013ஆம் ஆண்டு முதல் நடைமுறையில் இருக்கிறது. தேர்ந்தெடுக்கும் பாடங்களைப் பற்றியே எல்லாரும் கவலைப்பட்டுக்கொண்டு, வரலாற்றைக் கடைசி மாதத்தில் மனப்பாடம் செய்துகொள்ளலாம் என்று விட்டுவிடும் பிள்ளைகளை ஆண்டுதோறும் பார்க்கிறேன். இதை இங்கே சொல்லாமல் போக முடியவில்லை.

இனி, பட்டியல் எப்படி உருவாகிறது என்பது. பெரும்பாலான பெற்றோர் அது கல்வி அமைச்சிலிருந்து அச்சடித்து வருவதாக நினைக்கிறார்கள். எந்தெந்தப் பாடங்கள் இருக்கலாம் என்பதுதான் அமைச்சிலிருந்து வருகிறது. அவற்றுள் எவை இந்தப் பள்ளியில் நடக்கும் என்பது, எந்தப் பாடத்துக்கு ஆசிரியர் இருக்கிறார், ஆய்வுக்கூடத்தில் எத்தனை வகுப்புகளுக்கு இடம் இருக்கிறது, எத்தனை மாணவர் கேட்கிறார்கள் என்ற மூன்றையும் பொறுத்தது. ஈப்போ போன்ற நகரத்துப் பெரிய பள்ளியில் இந்த மூன்றுக்கும் தட்டுப்பாடு அவ்வளவாக இல்லை. தோட்டத்தை ஒட்டிய சிற்றூர்ப் பள்ளியில் கணக்கியல் ஆசிரியர் ஒருவர் மாற்றலாகிப் போனால் அந்த ஆண்டோடு கணக்கியல் பட்டியலிலிருந்து மறைந்துவிடும். யாரும் கேட்கவில்லை என்றால் அது மறைந்ததுகூட வெளியில் தெரியாது. கேட்கும் மாணவர் போதுமான எண்ணிக்கையில் இருக்கிறார்கள் என்று எழுத்தில் இருந்தால், தலைமையாசிரியர் மாவட்டக் கல்வி அலுவலகத்திடம் ஆசிரியர் வேண்டும் என்று கேட்பதற்குக் கையில் ஓர் ஆதாரம் கிடைக்கிறது. அது எப்போதும் பலிக்கும் என்று நான் சொல்லவில்லை. ஆதாரமே இல்லாமல் எதுவும் பலிக்காது என்று மட்டும் சொல்கிறேன்.

தமிழ்ப் பாடத்தின் நிலையும் இதேதான்; இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்லவேண்டும். தேசிய இடைநிலைப்பள்ளியில் தமிழ் கற்பிப்பது பள்ளி மனமுவந்து தரும் சலுகையன்று. 1996ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்திலேயே, குறைந்தது 15 மாணவர்களின் பெற்றோர் கேட்டுக்கொண்டால் சீனமோ தமிழோ கற்பிக்க வழிசெய்யவேண்டும் என்று எழுதப்பட்டிருக்கிறது. சட்டத்தின் சொற்களைப் பாருங்கள்: பெற்றோர் கேட்டுக்கொண்டால். கேட்பது நம் பங்கு. தமிழ்ப்பள்ளியிலிருந்து வரும் பிள்ளைகள் ஒன்றாம் படிவத்தில் ஒரு வகுப்பறை நிறைய உட்கார்ந்திருப்பார்கள். மூன்றாம் படிவத்துக்குள் பாதி ஆகிவிடும். நான்காம் படிவப் பாரத்தில் "பஹாசா தமிழ்" என்ற கட்டத்தில் குறி போடுகிறவர்கள் சில பள்ளிகளில் ஒரு கை விரலுக்குள் அடங்கிவிடுகிறார்கள். தமிழ் வகுப்பு பள்ளி முடிந்த பிறகு நடக்கிறது, பஸ் போய்விடுகிறது, அந்த நேரத்தில் மற்றப் பிள்ளைகளுக்கு வேறு பாடம் நடக்கிறது என்று ஒவ்வொருவருக்கும் ஒரு காரணம் இருக்கிறது. காரணங்கள் பொய்யல்ல. தோட்டத்துப் பிள்ளைக்குப் பஸ் என்பது உண்மையான பிரச்சினை. இரண்டு மணி பஸ்ஸை விட்டால் செம்பனைக்கு நடுவே இருக்கும் லயத்து வீட்டுக்குப் போய்ச் சேர வேறு வழியில்லை. ஆனால் பஸ் நேரத்தைப் பற்றிப் பள்ளியிடம் பேசலாம். வேன் ஒன்றை நான்கு குடும்பங்கள் சேர்ந்து ஏற்பாடு செய்யலாம். கால அட்டவணைக்குள்ளேயே தமிழ் வைக்க முடியுமா என்று பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் கேட்கலாம். இவை எல்லாம் பாரம் வருவதற்கு முன் செய்யக்கூடியவை. பாரம் வந்தபின், "பஸ் இல்லை, தமிழ் வேண்டாம்" என்று பிள்ளை தானே முடிவெடுத்துவிடுகிறான்.

தமிழை எடுப்பதால் பயன் என்ன என்று கேட்கும் பெற்றோரிடம் நான் மொழிப்பற்றைப் பற்றிப் பேசுவதில்லை. அது அவர்களுக்கு என்னைவிட அதிகமாகவே இருக்கிறது. எண்ணிக்கையைக் காட்டுகிறேன். தூய அறிவியல் முழுத் தொகுப்பை எடுக்கும் பிள்ளைக்குக் கட்டாயப் பாடங்கள் ஐந்து, தேர்வுப் பாடங்கள் நான்கு, ஆக ஒன்பது. பத்தாவது பாடம் தமிழ். 2024ஆம் ஆண்டு ஜூன் மாதம் பிரதமர் டத்தோஸ்ரீ அன்வார் இப்ராஹிம், எஸ்பிஎம்மில் பத்து ஏயும் அதற்கு மேலும் பெறும் மாணவர் எல்லாருக்கும், எந்த இனத்தவராக இருந்தாலும், பல்கலைக்கழகத்துக்கு முந்தைய படிப்பைத் தரும் அரசாங்க மெட்ரிகுலேஷன் கல்லூரியில் இடம் உண்டு என்று அறிவித்தார். ஒன்பது பாடம் மட்டும் எழுதும் பிள்ளை ஒன்பதிலும் ஏ எடுத்தாலும் அந்த அறிவிப்புக்குள் வராது. மெட்ரிகுலேஷன் இடம் என்பது நம் சமூகத்தில் எத்தனை ஆண்டுகளாகப் பேசப்பட்டு, எத்தனை வீடுகளில் அழுகையாக முடிந்திருக்கிறது என்பது எல்லாருக்கும் தெரியும். அந்த இடத்துக்கான பத்தாவது ஏ, பிள்ளை வீட்டில் பேசிக்கொண்டிருக்கும் மொழியிலேயே காத்திருக்கும்போது, பஸ்ஸுக்காக அதை விடுவதை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. கலைத் தொகுப்பு எடுப்பவர்களுக்கும் இது பொருந்தும். தமிழ்ப்பள்ளி ஆசிரியராகவேண்டும் என்று நினைக்கும் பிள்ளைக்கோ, தஞ்சோங் மாலிமில் உள்ள உப்சி எனும் சுல்தான் இட்ரிஸ் கல்விப் பல்கலைக்கழகத்தில் தமிழ்க் கல்வி படிக்கவேண்டும் என்று நினைக்கும் பிள்ளைக்கோ, எஸ்பிஎம் தமிழ் இல்லாமல் முதல் படியே இல்லை.

தமிழ் இலக்கியத்தையும் ஒரு பாடமாக எழுதலாம். எஸ்பிஎம் பாடங்களின் எண்ணிக்கையை அரசாங்கம் பத்தாகக் கட்டுப்படுத்தியபோது, சமூகத்தின் எதிர்ப்புக்குப் பிறகு, பத்துடன் மேலும் இரண்டு என்ற சலுகை 2009ஆம் ஆண்டு இறுதியில் கிடைத்தது. தமிழும் தமிழ் இலக்கியமும் எழுதும் மாணவர்களுக்கு அது பெரிய வாய்ப்பாக அமைந்தது. பல பள்ளிகளில் இலக்கியம் கால அட்டவணையில் இருப்பதில்லை. சனிக்கிழமைகளில் ஆசிரியர்கள் தங்கள் சொந்த நேரத்தைக் கொடுத்து நடத்தும் வகுப்புகளில்தான் பிள்ளைகள் படிக்கிறார்கள். அப்படி ஒரு வகுப்பு அருகில் இருக்கிறதா என்று விசாரித்துவிட்டு எடுக்கவேண்டும். வழிகாட்டுபவர் இல்லாமல் தனியாகப் படித்து எழுதலாம் என்று துணிவதை நான் ஊக்குவிப்பதில்லை; ஒரு பாடத்தின் சுமை மற்றப் பாடங்களின் நேரத்தைத் தின்றுவிடும்.

அடுத்து, என் வேலைக்கு நெருக்கமான கூடுதல் கணிதம். தூய அறிவியல் தொகுப்பை எடுக்கும் பிள்ளைகளில் நான்காம் படிவத்தின் முதல் அரையாண்டிலேயே மனம் உடைந்து நிற்பவர்கள் பெரும்பாலும் இந்தப் பாடத்தால்தான் உடைகிறார்கள். மூன்றாம் படிவக் கணிதத்தில் ஏ இருக்கிறது, ஆகவே கூடுதல் கணிதமும் வரும் என்று கணக்குப் போடுவது சரியாக வருவதில்லை. மூன்றாம் படிவக் கணிதத்தில் சேமிப்பும் முதலீடும், வட்டம், முக்கோணவியல் விகிதங்கள் என்று பலதும் கலந்திருக்கும். அவற்றில் நன்றாகச் செய்து ஏ வாங்கிவிடலாம். கூடுதல் கணிதமோ சார்புகளில் தொடங்கி, இருபடிச் சார்புகள், சமன்பாட்டுத் தொகுதிகள், அடுக்குகளும் மடக்கைகளும் என்று முதல் நான்கு பாடங்களும் இயற்கணிதமாகவே போகும். அதற்கான அடித்தளம் இரண்டாம் படிவப் புத்தகத்தில், காரணிப்படுத்துதலும் இயற்கணிதப் பின்னங்களும் என்ற இரண்டாம் பாடத்தில் இருக்கிறது. பிள்ளைக்குக் கூடுதல் கணிதம் ஏற்குமா என்று தெரிந்துகொள்ள விரும்பும் பெற்றோரிடம் நான் அந்தப் பாடத்தைத் திறந்து வைத்துப் பார்க்கச் சொல்கிறேன்.

சென்ற முறை ஒரு மாணவி வந்திருந்தாள். அவளுடைய அப்பா தோட்டத்தில் குலை அறுப்பவர். எல்லாப் பாடத்திலும் நல்ல மதிப்பெண். பள்ளி அவளை முழுத் தூய அறிவியல் தொகுப்பில் வைக்கத் தயாராக இருந்தது. நான் ஓர் இருபடிக் கோவையைக் காகிதத்தில் எழுதிக் கொடுத்துக் காரணிப்படுத்தச் சொன்னேன். விடையைச் சரியாக எழுதினாள். எப்படிக் கண்டாய் என்று கேட்டபோது, கால்குலேட்டரில் எண்களை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்ததாகச் சொன்னாள். கால்குலேட்டரை வாங்கி வைத்துக்கொண்டு, அதே மாதிரி இன்னொன்றைக் கொடுத்தேன். பெருக்கினால் கடைசி எண் வரவேண்டும், கூட்டினால் நடு எண் வரவேண்டும் என்ற எண்ணமே அவளிடம் இல்லை. யாரோ கற்றுக்கொடுத்த பொத்தான் வரிசைதான் இருந்தது. அவளுக்கு அறிவு குறைவு என்று இதற்குப் பொருளில்லை. அந்த ஒரு பாடம் அவளுக்குக் கற்பிக்கப்படவே இல்லை என்பதுதான் பொருள். பாரம் கொடுக்கவேண்டிய நாளுக்கு இன்னும் சில மாதங்கள் இருந்ததால் அதைச் சரிசெய்ய முடிந்தது. அறுவடைக்குப் போய்வந்த களைப்போடு அவளுடைய அப்பா வாரம் இரண்டு மாலை அவளைக் கொண்டுவந்து விட்டு, கீழே காப்பிக் கடையில் காத்திருந்து கூட்டிப்போனார். இப்போது அவள் கூடுதல் கணிதத்தை எடுத்துப் படிக்கிறாள். நவம்பரில் வந்திருந்தால் நான், "வேண்டாம் அம்மா, கொஞ்சம் யோசி" என்றுதான் சொல்லியிருப்பேன்.

வேதியியலுக்கும் இதைப்போல ஒரு கதவு உண்டு. நான்காம் படிவ வேதியியலில் மூன்றாம் பாடமாக மோல் கருத்துரு வருகிறது. விகிதக் கணக்கு தெளிவாக இல்லாத பிள்ளை அங்கே நின்றுவிடும். உயிரியலில் அப்படிக் கணக்கு இல்லை, ஆனால் வாசிக்கவேண்டியது மிக அதிகம், அதுவும் மலாயிலோ ஆங்கிலத்திலோ. சில பள்ளிகளில் இரட்டைமொழித் திட்டத்தின் கீழ் அறிவியலும் கணிதமும் ஆங்கிலத்தில் நடக்கின்றன. நான்காம் படிவத்தில் எந்த மொழியில் நடக்கும் என்பதைப் பெற்றோர் கேட்டுத் தெரிந்துகொள்ளவேண்டும். ஆறு ஆண்டு தமிழில் அறிவியல் படித்து, மூன்று ஆண்டு மலாயில் படித்த பிள்ளை, திடீரென்று ஆங்கிலத்தில் இயற்பியல் படிப்பதற்கு முன்னேற்பாடு வேண்டும்.

இந்த இடத்தில், ஊர்ப் பேச்சுக்கு எதிராக ஒன்றைச் சொல்லியாகவேண்டும். பிரிவுகள் நீங்கிய பிறகும், "அறிவியல் வகுப்பு" என்றால் கெட்டிக்காரப் பிள்ளை, "கலை வகுப்பு" என்றால் சுமாரான பிள்ளை என்ற நினைப்பு நம்மிடம் நீங்கவில்லை. கோயில் திருவிழாவில் சந்தித்துக்கொண்டால் முதல் கேள்வியே அதுதான். மருத்துவராகவேண்டும் என்று உறுதியாக இருக்கும் பிள்ளை இயற்பியல், வேதியியல், உயிரியல் மூன்றையும் எடுத்துத்தான் ஆகவேண்டும். அதில் மாற்றுக் கருத்து இல்லை. பொறியியலுக்குக் கூடுதல் கணிதமும் இயற்பியலும் வேண்டும். அந்தப் பாதையில் போகும் எண்ணமே இல்லாத பிள்ளையை, சொந்தக்காரர் முன்னால் சொல்லிக்கொள்வதற்காக அந்தத் தொகுப்பில் உட்கார வைத்து, நான்கு பாடத்தில் டி, ஈ வாங்க வைப்பது அந்தப் பிள்ளைக்குச் செய்யும் அநியாயம். அதே பிள்ளை கணக்கியல், பொருளியல், வணிகம் எடுத்து ஏ வாங்கினால், மெட்ரிகுலேஷனில் கணக்கியல் பிரிவு இருக்கிறது. ஆறாம் படிவம் இருக்கிறது. அங்கிருந்து சட்டம், பொருளியல், கணக்காய்வு என்று பல்கலைக்கழகம் வரை பாதை தெளிவாகவே இருக்கிறது. ஆறாம் படிவத்தை நம்மவர்கள் ஏனோ தண்டனை போலப் பார்க்கிறார்கள். செலவு குறைவாக, வீட்டிலிருந்தே போய்ப் படித்துப் பல்கலைக்கழகம் சேரக்கூடிய வழி தோட்டத்துக் குடும்பங்களுக்கு அதைவிட வேறு எது இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை.

கணக்கியலைப் பற்றித் தனியாக ஒரு வார்த்தை. எங்கள் வட்டாரத்தில் அதிகம் கேட்கப்படவேண்டிய பாடம் இதுதான் என்பது என் எண்ணம். மூல ஆவணம், பேரேடு, இருப்பாய்வு என்று படிப்படியாகப் போகும் பாடம். ஒழுங்காக உட்கார்ந்து செய்யும் பிள்ளைக்கு நிச்சயமாக மதிப்பெண் தரும். இயற்கணிதத்தில் தடுமாறும் பிள்ளைகள்கூட இதில் நன்றாகச் செய்வதைப் பார்க்கிறேன்.

தொழிற்கல்விக் கல்லூரிகளுக்கு நான்காம் படிவத்துக்கு முன்னதாகவே தனியாக விண்ணப்பிக்கவேண்டும். அங்கே மலேசியத் தொழிற்கல்விச் சான்றிதழும், மேலே டிப்ளோமாவும் கிடைக்கும். கையால் செய்வதில் விருப்பமுள்ள பிள்ளைக்கு நல்ல வழி. விண்ணப்பத் தேதி பள்ளியின் பாடத் தேர்வுப் பாரத்தோடு சேர்ந்து வராது என்பதால், ஆலோசக ஆசிரியரிடம் முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ளவேண்டும். எஸ்பிஎம் முடித்த பிறகும் ஈப்போவில் உங்கு ஓமார் பாலிடெக்னிக் போன்ற இடங்கள் இருக்கின்றன. அவற்றுக்குக் கணிதமும் அறிவியலும் தேர்ச்சி பெற்றிருப்பது உதவும்.

பள்ளிக்குப் போவது என்றாலே நம் பெற்றோர் பலருக்குத் தயக்கம். மலாய் சரளமாக வராது, ஆசிரியர் என்ன நினைப்பாரோ, அரை நாள் சம்பளம் போகும். எல்லாம் உண்மைதான். அதனால்தான் தனியாகப் போகவேண்டாம் என்கிறேன். இரண்டு ஆண்டுகளுக்கு முன் எங்கள் பக்கத்துத் தோட்டங்களைச் சேர்ந்த சில பெற்றோர், மூன்றாம் படிவத்தின் நடுவில், ஒன்றாகச் சேர்ந்து பள்ளிக்குப் போனார்கள். அவர்களில் மலாய் நன்றாகப் பேசும் ஓர் அம்மாவை முன்னால் விட்டார்கள். கையில் ஒரே ஒரு கடிதம்: எந்தெந்த மாணவர் தமிழ் எடுக்க விரும்புகிறார்கள், எந்தெந்த மாணவர் கணக்கியல் எடுக்க விரும்புகிறார்கள் என்று பெயரும் வகுப்பும் பெற்றோர் கையெழுத்தும். ஆலோசக ஆசிரியர், மலாய்க்காரப் பெண்மணி, அவர்களை உட்கார வைத்துப் பொறுமையாகக் கேட்டார். இந்த வகையில் பெற்றோர் முன்கூட்டி வருவது அரிது என்று அவரே சொன்னதாகத் திரும்பி வந்தவர்கள் சொன்னார்கள். தமிழ் கால அட்டவணைக்குள் வந்தது. கணக்கியலுக்கு அந்த ஆண்டு ஆசிரியர் கிடைக்கவில்லை. அதை விரும்பிய பிள்ளைகளில் சிலர் வணிகத்தை எடுத்தார்கள், ஒருவன் கோலக்கங்சாரில் வேறு பள்ளிக்கு மாற்றல் கேட்டுப் போனான். எல்லாம் கிடைத்துவிடவில்லை. ஆனால் எது கிடைக்காது என்பது முன்பே தெரிந்ததால் மாற்றலுக்கு விண்ணப்பிக்க அவனுக்கு நேரம் இருந்தது.

இந்த ஊருக்குச் சேர்ந்து கேட்பதும் சேர்ந்து செய்வதும் புதிதல்ல. தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்டுத் தொழிலாளர்கள் வெளியேற்றப்பட்ட காலத்தில், இந்த மண்ணில் பிறந்தவரும் மலாயா இந்தியர் காங்கிரஸ் கட்சியின் அப்போதைய தலைவருமான துன் வீ. தி. சம்பந்தன், தொழிலாளர்களிடமிருந்து சிறு சிறு தொகையாகச் சேர்த்து, 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கித் தோட்டங்களையே வாங்கினார். நாம் இப்போது கேட்பது ஒரு வகுப்பறையும் ஓர் ஆசிரியரும்தான்.

2026ஆம் ஆண்டிலிருந்து பள்ளியாண்டு மீண்டும் ஜனவரியில் தொடங்குகிறது. ஆகவே மூன்றாம் படிவப் பிள்ளை உள்ள வீடுகளில் ஜூலை, ஆகஸ்டு மாதங்களிலேயே இந்த வேலையைத் தொடங்கிவிடுவது நல்லது. ஆலோசக ஆசிரியரிடம் சென்ற ஆண்டின் தொகுப்புப் பட்டியலைக் கேட்டு வாங்குங்கள். அதில் எவை இந்த ஆண்டும் இருக்கும், எவை ஐயம் என்று கேளுங்கள். பிள்ளையின் கணிதப் பயிற்சி நோட்டைத் திறந்து பாருங்கள். மதிப்பெண்ணைவிட, அழித்து அழித்து எழுதிய பக்கங்கள் எங்கே இருக்கின்றன என்பது அதிகம் சொல்லும். பிள்ளையிடம், "நீ என்னவாகப் போகிறாய்?" என்று கேட்காதீர்கள், பதினைந்து வயதில் அதற்குப் பெரும்பாலும் உண்மையான விடை இருப்பதில்லை. எந்தப் பாடத்தின் வீட்டுப்பாடத்தை யாரும் சொல்லாமலே முதலில் எடுத்துச் செய்கிறான் என்பதைக் கவனியுங்கள்.

நான்காம் படிவம் தொடங்கிய பிறகு தொகுப்பு பொருந்தவில்லை என்று தெரிந்தால், முதல் சில வாரங்களுக்குள் மாற்றம் கேட்கலாம். பல பள்ளிகள் இடமிருந்தால் அனுமதிக்கின்றன. மார்ச் தாண்டிவிட்டால் விட்டுப்போன பாடங்களைப் பிடிப்பது கடினமாகிவிடும், பள்ளியும் தயங்கும். அதற்கும் பிள்ளை மட்டும் போய் நிற்பதைவிடப் பெற்றோர் ஒருவர் கூடவே போய்க் காரணத்தைச் சொல்வது பலன் தருகிறது. எந்தப் பாடத்தை விடுகிறோம், எதை எடுக்கிறோம், அதற்கு வகுப்பில் இடமிருக்கிறதா, இதுவரை நடந்த பாடத்தை யார் சொல்லிக்கொடுப்பார்கள் என்ற நான்கையும் வீட்டிலேயே பேசி முடித்துவிட்டுப் போங்கள். கடைசிக் கேள்விக்கு, கணிதமாக இருந்தால், இந்த ஊர்ப் பிள்ளைகள் என்னிடம் வரலாம்.